நாற்பத்து மூன்றாம் படி

திபிலிசி மெட்ரோவில், தரைக்கு வெகு கீழே,
நகரும் படிகள் முடிகிற இடத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு.
ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு சிவப்புப் பொத்தான்.
பன்னிரண்டு மணி நேரம் நான்,
பன்னிரண்டு மணி நேரம் லமாரா.
நாற்காலியின் சூடு ஆறுவதே இல்லை.

ஊர் ஏறுவதையும் இறங்குவதையும்
பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்,
நாம் மட்டும் அசையக் கூடாது.
‘ஓடாதீர்கள்.’ ‘உட்காராதீர்கள்.’
‘அம்மணி, கோட்டு ஓரம் பத்திரம்.’
குண்டுச்சட்டியில் குதிரை,
அதுவும் உட்கார்ந்தபடி.

சுவரில் விதிப்பலகை:
பணி நேரத்தில் படிக்கத் தடை.
லமாரா படித்தாள்.
மெக்கானிக் தேர்வுக்கான தடிப் புத்தகத்தை
உள்ளங்கை அளவுத் தாள்களில் நகலெடுத்து
பதிவேட்டுக்குள் செருகி வைப்பாள்.
என் முறை வரும்போது
மேசையெல்லாம் ரப்பர் துகள்,
பதிவேட்டின் முதுகில் பாதி அழித்த பல்சக்கரம்.
ஊதித் தள்ளிவிட்டு
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

‘நாற்பத்தாறு வயதில் எதற்கடி?’ என்றேன்.
‘மேலே போகிற எண்ணமா?’
‘இல்லை, கீழே’ என்றாள்.
‘இந்தப் படிகளுக்கு அடியில்.’

பொறாமை என்று சொல்ல மாட்டேன்.
சரி, பொறாமைதான்.
முதல் தடவை வரைபடத் தாளில் அவள் தோற்றபோது
சூடாக லோபியானி வாங்கிக் கொடுத்தேன்,
கொஞ்சம் அதிகப்படியான சந்தோஷத்தோடு.

அதன் பிறகு தாள்களைக் காணோம்.
கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள் என்று
மேலே புகார் போனது.
தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில்
சங்கிலி செருமுகிறது என்றாள்.
எனக்குக் கேட்டதெல்லாம் செருப்புச் சத்தம்.

மார்ச்சில் ஒரு வியாழன், மாலை ஆறரை.
சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள்.
நானூறு பேர் பாதி வழியில் நின்று
அவளைப் பெற்றவளை நினைவுகூர்ந்தார்கள்.
மேற்பார்வையாளர் ஒதார் இறங்கி வந்தார்,
உறைந்த படிகளில், ஒவ்வொன்றாக, மூச்சு வாங்க.
‘காரணம்?’
‘இடது சங்கிலி. உருளை தேய்ந்திருக்கிறது.
வெள்ளைக் குறியிலிருந்து நாற்பத்தோராம் படி.’
கழற்றிப் பார்த்தார்கள்.
நாற்பத்து மூன்றாம் படி.

இரண்டு பிசகு.
வாரம் முழுக்க அதையே சொல்லி வருந்தினாள்.
ஒதார் இரண்டு காகிதம் எழுதினார்:
பணி நேரத்தில் படித்ததற்கு ஒரு மெமோ,
மறுதேர்வுக்கு ஒரு பரிந்துரை.
ஒரே பேனா, ஒரே எரிச்சல்.

ஜூனில் எழுதினாள்.
அறையில் முப்பது ஆண்கள், இவள் ஒருத்தி.
அதே வரைபடத் தாள்.
‘இந்த முறை பார்த்ததை வரையவில்லை,
கேட்டதை வரைந்தேன்’ என்றாள்.
புரியவில்லை. தலையாட்டி வைத்தேன்.

இப்போது அவளுக்கு இரவுப் பணி.
கடைசி ரயில் போனதும்
தலைவிளக்கோடு படிகளின் வயிற்றுக்குள் நுழைகிறாள்.
சம்பளம் நூற்றிருபது லாரி கூடியது.
முதல் மாதத்து நூற்றிருபதை பூட்ஸ் தின்றது.
முட்டி வலிக்கிறதாம்,
நகக்கண்ணில் கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறதாம்.
சிரித்துக்கொண்டே சொல்கிறாள்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

கூண்டில் எனக்கு மாற்றாக மிண்டியா என்றொரு பையன்.
நாற்காலியை அவன் உயர்த்துவான், நான் தாழ்த்துவேன்.
அவள் தாள்களில் சில இழுப்பறையில் கிடக்கின்றன.
நான் எடுக்கவில்லை.
தூக்கி எறியவும் இல்லை.

நேற்று இரண்டாவது எஸ்கலேட்டரில்
ஏதோ செருமியது.
விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.
வெள்ளைக் குறி கடந்தது, எண்ண ஆரம்பித்தேன்.
பதினேழு வரை வந்திருப்பேன்,
கண்ணாடியைத் தட்டி ஒருவர்
சந்தைக்கு எந்த வாசல் என்று கேட்டார்.
கையைக் காட்டிவிட்டு
மறுபடி அந்த வெள்ளைக் குறி வருமா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.