கண்டெடுத்தவை: 0

பீல் நகரத்தில் எல்லாத் தெருவுக்கும் இரண்டு பெயர்.
ஒரே பலகையில் ஒன்று மேலே, மற்றது கீழே.
எது ஏன் மேலே என்று எவரும் கேட்பதில்லை,
மதாம் ரொசேல் தவிர.

நவம்பர். ஏரிக்கு மூடுபனி
மூன்றாம் நாளாக மூடி போட்டிருக்கிறது.
காலை எட்டேகாலுக்கு, ஒற்றைக் காதால், தொலைபேசியில் அவர்:
"உங்கள் பக்கம் பூச்சியம் என்றது. மூடிவிட்டேன்.
நாலு நாளாகத் தேடுகிறேன் என் காதுக்கருவியை."

திறந்து பார்த்தேன்.
தொலைந்த பொருள் அலுவலகத்தின் பக்கம்.
தலைப்பில்: கண்டெடுத்தவை 0.
அதற்குக் கீழே
குடை பதினொன்று,
இடக்கைக் கையுறை ஆறு, வலக்கை ஒன்றுகூட இல்லை,
ஒரு கீழ்த்தாடைப் பல்செட்டு,
பாதி ஊதிய நீச்சல் வளையம்.
பதினேழாம் வரியில்
நாலாம் இலக்கப் பேருந்தின் கடைசி இருக்கையில் கிடைத்த
காதுக்கருவி, சாம்பல் நிறம்,
எடுத்தபோதும் விசிலடித்துக்கொண்டிருந்தது.

தலைப்பு பொய் சொல்லவில்லை.
அதன் முறை வந்தபோது
எதுவுமே எண்ணப்பட்டிருக்கவில்லை.
வார்ப்புரு மேலிருந்து கீழே நடக்கும்,
நடக்க நடக்க எழுதும்,
எழுதியது அப்போதே கம்பியில் ஏறிவிடும்.
கீழே சுழல் நாற்பத்துமூன்று என்று கூட்டி முடித்தபோது
பூச்சியம் எப்போதோ
மதாமின் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.
விட்ட அம்பு திரும்பாது என்பார்கள்.
அம்புக்காவது ஒரு குறி இருந்தது.

எண்ணிக்கையைக் கீழே வைத்துவிடு, என்றான் ரெட்டோ.
கீழே யார் பார்ப்பார்கள், என்றேன்.
தோளைக் குலுக்கிவிட்டுக் காப்பி எடுக்கப் போனான்.

லோசானில் லொறி ஓட்டும் என் சித்தப்பா
ஒரு வாக்கியத்தை வெவேயில் தொடங்கினால்
போனாரா, போகவில்லையா என்பது
மோர்ஜ் தாண்டித்தான் தெரியும்.
தமிழில் வினை கடைசியில்தானே வரும்.
அதுவரை யாரோடு, எந்த வழியாக, எதற்காக என்பதையெல்லாம்
கீழே சிந்தாமல் ஏந்திக்கொண்டிருப்பேன்.
எனக்கு அது பழக்கம்.
இயந்திரத்துக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கொம்பையும் நினைத்தேன்.
கெ எழுதும் கை முதலில் கொம்பைத்தான் போடும்.
நினைவகத்திலோ ககரம் முன்னே, கொம்பு பின்னே.
திரைக்கு வரும் கணத்தில்
பின்னால் நின்றது ஓடிவந்து முன்னால் நிற்கும்,
எப்போதும் அங்கேதான் நின்றதுபோல.

அப்படியே செய்தேன்.
உடலை முதலில் ஓடவிட்டேன், வாயைப் பொத்தி.
குடைகளும் கையுறைகளும் பல்செட்டும்
கம்பியில் ஏறாமல் ஒரு தாங்கியில் தேங்கின.
கடைசிப் பொருளும் எண்ணப்பட்ட பிறகு
தலைப்பை எழுப்பி, இப்போது சொல், என்றேன்.
நாற்பத்துமூன்று, என்றது.
உடலை அதன் கீழே ஊற்றினேன்.

ஊற்றியது உடைந்து வந்தது.
ஏற்கனவே காவல் தாண்டிய எழுத்துகளை
வாசலில் மறுபடி சோதித்திருக்கிறது இயந்திரம்.
கோண அடைப்புகள் எல்லாம் வெட்டவெளியில்.
பிரெஞ்சு வரிகளில் ஒவ்வொரு மேற்காற்புள்ளியும்
முப்பத்தொன்பது என்ற எண்ணாக முள் குத்தி நின்றது.
ஜெர்மன் வரிகளில் அந்தக் குறி அபூர்வம்,
அதனால் ரெட்டோவுக்குத் தெரியவில்லை.
மதாமுக்குத் தெரிந்திருக்கும்.
இது சோதித்தது, நம்பு, என்று ஒரு சொல் சேர்த்தேன்.
சேர்க்கும்முன் இருமுறை நானே சோதித்தேன்.

இப்போது பக்கம் திறந்தால்
அரை நொடி வெள்ளை.
ஏரி மேல் கிடப்பது போன்ற வெள்ளை.
முன்பெல்லாம் உடனே ஏதாவது தெரியும்,
தவறாகவேனும் தெரியும்.
இந்த அரை நொடியைக் குறைக்கச் சொல்லி
அடுத்த வாரம் யாராவது எழுதுவார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மதாமை அழைத்தேன்.
கருவி கிடைத்துவிட்டது, பதினேழாம் வரி, என்றேன்.
என்ன, என்றார்.
பதினேழாம் வரி, மதாம்! மொத்தம் நாற்பத்துமூன்று!
அலுவலகமே திரும்பிப் பார்த்தது.
"பூச்சியமா?" என்றார்.
இல்லை, இல்லை.
"மெதுவாக, மத்மொசேல்," என்றார் அவர்.
"முதலிலிருந்து சொல்லுங்கள்."