டிக்கெட்டின் பின்பக்கம்

சனிக்கிழமை பாளையங்கோட்டையில் பேச வேண்டும்.
தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்:
வேதி இயற்பியலின் நாளை. இருபது நிமிடம்.
எனக்கு நேற்றைப் பற்றியே சந்தேகம்.

ஆறுமுகநேரிப் பாத்தியில்
உப்பு எந்த நொடி பூக்கும் என்று
எங்கள் ஆய்வகத்துக்கு இன்னும் சரியாகத் தெரியாது.
பூக்கும் என்பது அங்கே பேச்சு.
கருக்கொள்ளும் என்பது எங்கள் பேச்சு.
ஒன்று செடியிடம் வாங்கிய கடன்,
ஒன்று வயிற்றிடம்.

ஜங்ஷனில் ஏறியதும் கொடுத்த
விலையில்லா டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்:
உள்ளே இருக்கிற அயனிக்கு லாபம்,
ஓரத்தில் நிற்கிற அயனிக்கு நஷ்டம்.
லாபம் ஆரத்தின் மும்மடியில் ஏறும்,
நஷ்டம் இருமடியில்.
பொடிசாக இருக்கும்வரை எல்லாமே ஓரம்,
கரைந்துபோகும்.
ஒரு அளவைத் தாண்டினால்
உள் ஜெயிக்கும், பிறகு நிற்காது.
இவ்வளவுதான். எழுதிய பிறகும்
கட்டைவிரல் வைக்க இடம் மிச்சமிருந்தது.

மாசானமுத்துவுக்கு இதில் மதிப்பில்லை.
அவனுடைய கணினி அடுக்கில்
இரண்டு லட்சம் அணுக்கள்,
எது எதை எவ்வளவு இழுக்கும் என்று
தானே படித்துக்கொண்ட வலைப்பின்னல்,
நாற்பத்தொரு நாள் ஓட்டம்.
கயத்தாற்றில் அத்தனை காற்றாலை சுற்றியும்
நடுவில் மூன்று தடவை கரண்ட் போனது.
"உங்க சூத்திரம் எட்டு சைபர் தப்பா இருக்கு மேடம்.
ரெண்டாவது அத்தியாயத்தை எடுத்துருவோமா?"

எட்டு சைபர் உண்மைதான்.
நாற்பது அயனி ஒட்டிய துணுக்குக்கு
மேற்பரப்பு என்பதே பெரிய வார்த்தை.
தோலைத் தவிர ஒன்றுமில்லாத பழத்தில்
தோல் எது என்று கேட்கிற மாதிரி.

போன செவ்வாய் புது ஓட்டம் முடிந்தது.
ஆறு விதைகள், நாற்பதிலிருந்து நூற்றி நாற்பது வரை.
சின்னவை வளர்கின்றன.
பெரியவை கரைகின்றன.
வழவழப்பான படம். பிழைக்கோடுகள்கூட ஒல்லி.
எந்திரத்துக்கு வெட்கமில்லை.
இவனுக்கும் இல்லை, எல்லாருக்கும் பப்ஸ் வாங்கி வந்திருந்தான்.
கண்டுபிடிப்பு என்றான்.

நான் பப்ஸைத் தின்றுகொண்டே
இது நடக்காதுல என்றேன்.
எட்டு சைபர் தப்பான சூத்திரத்துக்கும்
எந்தப் பக்கம் சரிவு என்று தெரியும்.

மூன்று நாள் தேடினோம்.
கோப்புகளை அகரவரிசையில் அடுக்கியிருந்தது கணினி.
நூறு, நாற்பதுக்கு முன்னால் போய் நின்றிருந்தது.
அதற்கு ஒன்று நான்கைவிடச் சின்னது,
மற்றபடி அதன்மேல் குற்றமில்லை.
பெயர் மாறிய பிள்ளைகளைப்போல
ஆறு விதையும் அடுத்ததன் இடத்தில்.

நாளை எந்திரத்துடையது என்பதை
சனிக்கிழமை முதல் நிமிடத்திலேயே ஒப்புக்கொள்வேன்.
பாத்தியின் ஒவ்வொரு அணுவையும் அது எண்ணும்,
மக்னீசியக் கசப்பையும் சேர்த்து.
எண்ணட்டும்.
மீதிப் பத்தொன்பது நிமிடம்
எண்ணி முடித்த பிறகு
நடக்குமா நடக்காதா என்று
வாயில் பப்ஸோடு ஒருத்தி சொல்வதற்கு
எவ்வளவு சின்னதாக ஒன்று கையில் வேண்டும் என்று பேசலாம்.
அதற்கும் குறைந்தபட்ச ஆரம் இருக்கலாம்.
கணக்கிட்டதில்லை.

இரண்டாவது அத்தியாயம் இருக்கிறது.
எட்டு சைபரை எங்கே வைப்பது என்று
மாசானமுத்து இன்றும் கேட்டான்.
என்னிடம் பதில் இல்லை.

பேட்டையில் செக்கர் ஏறினார்.
டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"என்னம்மா எழுதியிருக்கு?"
உப்பு என்றேன்.
ஓரத்தில் சின்னதாகக் கிழித்துக் கொடுத்தார்,
மும்மடியின் மூன்று மட்டும் போயிற்று.