வெள்ளிக்கிழமை வாங்க

ஆரையம்பதியில், கவுன்டருக்கு உள்பக்கம்
பத்தொன்பது வருசம் இருந்தவள் நான்.
பிறப்பு, விவாகம், இறப்பு,
எந்தச் சான்றிதழ் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்:
வெள்ளிக்கிழமை வாங்க.

இறப்புப் பதிவில் 'காரணம்' என்றொரு நிரல் உண்டு.
மாரடைப்பு. நீரில் மூழ்குதல். முதுமை.
புற்றுநோய் என்பதை
விசைப்பலகையைப் பாராமலே அடிப்பேன்.
ஒரு தரமும் எழுத்துப் பிழைத்ததில்லை.

இப்போது மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
கவுன்டருக்கு வெளிப்பக்கம்.
நாற்பத்து மூன்றாம் இலக்கம்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளை,
மகளை விட நாலைந்து வயது கூட இருக்கும்,
கிளினிக் கொப்பியைத் திறக்காமலே சொன்னாள்:
பன்னிரண்டாம் திகதி இல்லையம்மா, இருபத்தொன்பது.
மயக்க மருந்து டொக்டர் இல்லை.

எனக்குத் தெரிந்த குரல் அது.
அதில் பொய் இல்லை. கோபமும் இல்லை.
பகல் சோற்றுக்கு முன் முடிக்கவேண்டிய வரிசை
மட்டும் இருந்தது.

பதினேழு நாள் கூடக் கிடைத்திருக்கிறது.
அதை வைத்து என்ன செய்வது?

தவநேசன் வீட்டைத் திருத்துகிறார்.
முதலில் ஒழுகும் பைப்.
மறுகா கோழிக்கூட்டுப் பிணைச்சல்.
மறுகா, ஆறு வருசமாய் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்த கேட்.
நேற்று, ஒரு பழுதும் இல்லாத மின்விசிறியைக் கழற்றிப்
பத்திரிகைத் தாளில் பரப்பி வைத்திருந்தார்.
ஆணிகளை எண்ணினார்.
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அயலட்டையில் இருந்து முள்ளுச்சீத்தா இலை வருகிறது.
மாமாங்கத்தாருக்கு யாரோ நேர்த்தி வைத்தாயிற்று.
பக்கத்து மேசை ஜெஸீமா ஒன்றும் கொண்டு வரவில்லை.
என் கோப்புகளில் பாதியைக் கேட்காமலே
தன் மேசைக்கு இழுத்துக்கொண்டாள்.
"என்ன கா பாத்துக்கிட்டு இரிக்காய்?
தேத்தண்ணி ஆறுது."

கட்டாரில் இருக்கிற மகனுக்குச் சொல்லவில்லை.
வீடியோ கோலில் முகத்தை மட்டும் காட்டுகிறேன்.
எப்போதும் முகத்தை மட்டும்தானே காட்டினேன்,
இப்போது ஏன் அது களவு மாதிரி இருக்கிறது?

அறிக்கையில் இரண்டு தசம் மூன்று சென்றிமீற்றர்.
ஒபீஸ் அடிமட்டத்தால் அளந்தேன்.
சரியாகத் திகதி முத்திரையின் அகலம்.
காலையில் அதன் பட்டியை ஒரு நாள் முன்னால் உருட்டுவது
என் முதல் வேலை.
இன்று, ஆட்கள் வருமுன்,
இருபத்தொன்பது மட்டும் உருட்டி
வெறுந்தாளில் ஒரு தரம் குத்தினேன்.
மை நன்றாகத்தான் பிடித்தது.
மறுகா ஒவ்வொன்றாகப் பின்னால் உருட்டினேன்.
பதின்மூன்று.

இரவு கரண்ட் போயிற்று.
இருந்தாலும் அந்த விசிறி சுற்றப்போவதில்லை.
வாவிக் காற்று வரட்டும் என்று
சன்னலைத் திறந்து படுத்தோம்.
இருபத்திரண்டு வருசமாய் நித்திரையில்
என் இடப்பக்கம் வந்து தங்குகிற கை
இப்போதெல்லாம் இடுப்போடு நின்றுவிடுகிறது,
ஒரு காலம் சோதனைச்சாவடிக்கு முன்னால்
சைக்கிளை விட்டு இறங்கியது மாதிரி.

பிடித்து எடுத்து வைத்தேன்.
இந்தா, பயப்படாமல் பாருங்க.

விரல் நுனிகள் கொஞ்ச நேரம் அசையவில்லை.
பிறகு, இருட்டில் வொஷர் தேடுகிறவர் போல, மெல்ல.
"இதுவா?"
"இதுதான்."
"சின்னன்" என்றார், கோபமாய்,
இவ்வளவு சின்னன் இவ்வளவு செய்யுமா என்கிற மாதிரி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.
கை அங்கேயே கிடந்தது, வியர்த்து, விடியுமட்டும்.

காலையில் தாழங்குடாப் பெடியன் ஒருவன்.
கடவுச்சீட்டு எடுக்க வேணுமாம், பிறப்புச் சான்றிதழ்.
எப்ப கிடைக்கும், மிஸ்?
வெள்ளிக்கிழமை வாங்க.

சொன்ன பிறகுதான் என் குரல்
என் காதில் விழுந்தது.
அவன் விரல் மடித்து எண்ணத் தொடங்கினான்,
உதடு அசைய, இடையில் ஒரு தரம் பிழைத்து,
மறுகா முதலில் இருந்து.

அவன் எண்ணி முடிக்குமட்டும்
அடுத்த ஆளை நான் கூப்பிடவில்லை.