இருபத்திரண்டாயிரம் கன அடி

கோகர்ணம் போவதாகத்தான் பேச்சு.
மலையும் கடலும் ஒரே படத்தில் விழுகிற இடம் என்று
காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டியிருந்தோம்,
விடுதியில், படுக்கை எண் பதினொன்றுக்கு மேலே.
நாலு நாள் விடுப்பு கேட்டோம்.
லைன் லீடர் விரல்களை மடக்கி மடக்கி
ஒன்றில் நிறுத்தினார்.

ஒரு நாளுக்கு என்ன கிடைக்கும்?
இரவல் ஸ்கூட்டி கிடைத்தது.
பின்னிருக்கைக்கு அபிராமி கிடைத்தாள்.
ஓசூரின் புகை தேன்கனிக்கோட்டை வரை துரத்தி வந்து
அலுத்துத் திரும்பியது.
அஞ்செட்டி இறக்கத்தில் பலகை:
யானைகள் கடக்கும் இடம், ஒலி எழுப்பாதீர்.
மூச்சையும் ஒலியாக எண்ணி
இரண்டு வளைவுக்கு அடக்கிக்கொண்டோம்.
யானை வரவில்லை.
நடுரோட்டில் புது லத்தி மட்டும்
ஆவி பறக்கக் கிடந்தது,
இப்போதுதான் போனேன் என்பதுபோல.

எங்கள் ஷிப்டுக்கு ஜன்னல் கிடையாது.
வெள்ளை அங்கி, வெள்ளை வெளிச்சம்,
எள்ளைவிடச் சிறிய திருகாணி,
கண்கள் மட்டும் உள்ள முகங்கள்.
உலோகம் கூடாதென்று
ஏழு மாதமாகக் கழற்றி வைத்திருந்த மூக்குத்தியை
நாட்றாம்பாளையம் டீக்கடையில்
ஸ்கூட்டிக் கண்ணாடி பார்த்து மாட்டிக்கொண்டாள் அபிராமி.
துளை கொஞ்சம் தூர்ந்திருந்தது.
"வலிக்குதுடி," என்றாள், சிரித்துக்கொண்டே.

ஒகேனக்கல்லில் கரும்பலகை காத்திருந்தது.
நீர்வரத்து இருபத்திரண்டாயிரம் கன அடி.
பரிசல் இயக்கத் தடை.

கவிழ்த்துப்போட்ட பரிசல்கள்
வெயில் காயும் ஆமைகளாக வரிசையில்.
ஒன்றின் முதுகில் சாய்ந்து
சென்றாயன் செல்போனில் லூடோ ஆடிக்கொண்டிருந்தார்.
"கர்நாடகாவுல மழைம்மா. நாளன்னிக்கி வாங்க."
நாளன்னிக்கு
எங்களுக்கு இரவு ஷிப்ட்.

கம்பி வேலி வரைக்கும்தான் விட்டார்கள்.
அதுவே அதிகம்.
பாறை இருந்த இடங்களில் புகை இருந்தது.
காலடித் தரை
பழைய பஸ்போல அதிர்ந்தது.
அபிராமி கம்பியைப் பிடித்தவள் விடவில்லை.
வெகுநேரம் கழித்து என் காதுக்குள் கத்தினாள்:
"இதுவா அது?"

அவள் காவிரி கடலில் சேருகிற பக்கத்துக்காரி.
அங்கே இந்த ஆற்றை
செருப்பைக் கையில் எடுத்தால் கடந்துவிடலாமாம்.
சில வருஷம் பதினெட்டாம் பெருக்குக்கே
மோட்டார் வைத்துக் குழி நிரப்பித்தான்
விளக்கு விடுவார்களாம்.
கடல் வாசலில் ஒரு மணல்மேடு,
அடையாள அட்டை கேட்கும் வாட்ச்மேன் மாதிரி.
"எங்ககிட்ட வர்றப்ப வாயே தொறக்காது.
இங்க என்ன பேச்சு பேசுது பாரு!"

பிறகு, மெதுவாக:
"கடல் வந்தா திரும்பிப் போகும்டி.
இது திரும்பவே மாட்டேங்குது."
கோபமா, பயமா,
சாரல் ஒழுகிய முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.
ஒன்றும் பேசாமல் போனை ஆற்றை நோக்கி நீட்டினாள்,
கை வலிக்கிறவரை.
காதில் வைத்தபோது அம்மா சொன்னது எனக்கும் கேட்டது:
"ஒரே இரைச்சலா இருக்கு, எதும் விளங்கல.
அப்புறமா கூப்புடு."

வறுத்த கட்லா வாங்கினோம்.
"மண்ணு வாடை," என்று முகம் சுளித்தாள் கடற்கரைக்காரி.
என் துண்டையும் அவளே தின்றாள்.

மறுநாள் காலை ஆறு மணி.
இரண்டு அடுக்குக் கையுறைக்குள்ளும்
விரல்களில் மிளகாய்ப்பொடி வாசம்.
எதிர்ச் சுவரில் எங்கள் பலகை எரிந்தது:
இன்றைய இலக்கு இரண்டாயிரத்து இருநூறு.
தடை ஏதுமில்லை.
தலை தூக்கி அதைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
முகமூடிக்கு மேலே
அவள் கண்கள் மட்டும்
கரைபுரண்டு சிரித்தன.