நான் சாடேல்லை

புதன் இரவு பதினொன்றரை.
ஸ்காபரோ, எக்லின்டன் வீதியில்
கொத்துரொட்டிக் கடைக்கு மேலே எங்கள் வாரப் பத்திரிகை.
ஹீற்றருக்கு இந்தப் பக்கம் வேர்க்கிறது,
அந்தப் பக்கம் கதவிடுக்கால் ஜனவரி வருகிறது.
ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி மிச்சம்,
வீட்டுக்கடன் முகவரின் சிரிப்புக்கும்
ஒரு முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கும் நடுவே.

‘அதிருப்தி தெரிவித்தார்’ என்று போட்டேன்.
தெரிவித்தார் தவறி அடுத்த வரியில் விழுந்தார்.
‘ஆதங்கம்’ மூக்கைச் சிந்தியது.
‘கண்டனம்’ நாடுகளுக்கென்று எடுத்துவைத்த சொல்.
பேரின்பநாதன் அண்ணை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து,
“சாடினார் எண்டு போடும்” என்றார்.
நாலெழுத்து.
அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது.

எங்கள் பத்திரிகையில் ஒருவரும் பேசுவதில்லை.
அமைச்சர் எதிர்க்கட்சியைச் சாடுவார்.
எதிர்க்கட்சி வரவுசெலவைச் சாடும்.
கோயில் செயலாளர் பொருளாளரைச் சாடுவார்,
பொருளாளர் கணக்கோடு வந்து திருப்பிச் சாடுவார்.
போன மாதம் பூப்பந்துக் கழகத் தலைவர்
வலையைக் கட்டியவர்களைச் சாடினார்.
சாடிக் களைத்த வாரங்களில்
விளாசுவோம்.

வெள்ளி காலை தொலைபேசி.
“நிரஞ்சலா கதைக்கிறன். பதினொராம் மாடி.
நான் சாடேல்லை.
சொன்னனான்.”

உண்மைதான். அந்த வாடகைக்காரர் கூட்டத்துக்கு
நான்தான் போயிருந்தேன்.
எல்லாரும் கத்தி முடித்துக்
கதிரைகளை மடிக்கத் தொடங்கிய பிறகு
எழும்பி,
நீலநிற வேலைச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்தபடி,
“மூண்டு கிழமையா எலவேற்றர் வேலை செய்யேல்லை.
இது வடிவான வேலையில்லை” என்றாள்.
அவ்வளவுதான்.
பிறகு மற்றவர்களோடு சேர்ந்து கதிரை மடித்தாள்.

கட்டட மேலாளர் எங்கள் ஐந்தாம் பக்கத்தின் மேல்
கைத்தொலைபேசியைப் பிடித்துப் பார்த்தாராம்.
அது ‘தாக்கினார்’ என்று வாசித்துக் காட்டியதாம்.
கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வந்திருக்கிறது,
முத்திரை இல்லாமல், மிகவும் மரியாதையாக.

திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் அகராதியை எடுத்தேன்.
சாடு: உதை. மோது. பாய். அடி.
அதற்கும் கீழே, நான் எதிர்பாராமல்,
பெயர்ச்சொல்லாக: வண்டி.

அன்றிரவு படிக்கட்டில் அவளைக் கண்டிருந்தேன்,
குறிப்பில் எழுதவில்லை.
இரண்டு சில்லுச் சாமான் வண்டி,
உள்ளே அரிசி, பால், ஒரு கட்டு முருங்கையிலை.
பின்பக்கமாக ஏறினாள்.
ஒவ்வொரு படிக்கும் வண்டி ஒருமுறை ‘டக்’ என்றது.
நாலாம் மாடியில் நின்றாள், கை மாற்றினாள்.
எனக்குக் கடைசி பஸ்.

“திருத்தமே? ஆர் ஐசே வாசிக்கப்போகினம்?”
என்றாலும் அண்ணை இடம் தந்தார்,
பாவித்த பனிக்காலச் சில்லு விளம்பரத்துக்கு அடியில்.
‘சாடினார் என்பதைச் சொன்னார் என்று வாசிக்கவும்.’
எழுத்துப் பிழையைத் திருத்துவதுபோல.
அதே இதழின் முன்பக்கத்தில்
உப்புத் தூவாத மாநகரசபையை ஒருவர் சாடியிருந்தார்.

வியாழன் மாலை ஒரு பிரதியோடு போனேன்.
எலவேற்றர் கதவில் அதே தாள்,
மன்னிக்கவும் என்று ஆறு மொழிகளில்,
தமிழில் ‘ன்’னுக்குப் புள்ளி இல்லை.
ஏறினேன். ஏழாம் மாடியில் மூச்சு முட்டியது.
அங்கேயும் அந்தக் கதவு, அங்கேயும் அந்தத் தாள்.
சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.
பனிச்சப்பாத்துக் காலால்
ஓங்கி ஒன்று விட்டேன்.
தகரம் அதிர்ந்து, அந்தச் சத்தம் உள்ளே
நெடுநேரம் கீழே போய்க்கொண்டிருந்தது.

ஒரு வீட்டுக் கதவு திறந்தது.
கையில் கடித்த பாணோடு ஒரு பெடியன்
என் சப்பாத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
அம்மாவைக் கூப்பிடுவதா என்று யோசித்துவிட்டுச்
சங்கிலியை மெல்ல மாட்டிக்கொண்டான்.