நான் வைத்த புள்ளி

கார்னார்வனைத் தாண்டியதும்
கைப்பேசிகளை அணைக்கச் சொன்னார் ஓட்டுநர்.
எண்பது கிலோமீட்டர்.
எதிரே ஒரு லாரிகூட வரவில்லை.
புதர்களின் நிறத்திலேயே செம்மறிகள்,
நகர்ந்தால்தான் செம்மறி என்று தெரிந்தது.

தட்டுகள் அறுபத்து நான்கு.
மூன்று பழுது.
தனித்தட்டு ஒன்று தருவது வெறும் இரைச்சல்,
இரண்டிரண்டாகச் சேர்த்தால்தான் பேச்சு.
ஆயிரத்து எண்ணூற்று முப்பது ஜோடி என்றாள் கெஃபில்வே
அன்றிரவு விடுதியில்
பாத்திரம் கழுவிக்கொண்டே, மனக்கணக்காய்.

நான் மசேருவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள்.
வரவு, செலவு, கையிருப்பு.
அதனால் முதல் பாடம் கசந்தது:
எறி.
ஜோபர்க் விமானம் தலைக்குமேல் கடந்த நொடிகளை எறி.
பெயர் தெரியாத செயற்கைக்கோளை எறி.
ஸ்நேய்மன் பண்ணையின் மின்வேலி
நள்ளிரவுக்குப் பின் பொறி தட்டிய நாற்பது நிமிடத்தையும்.
அரிசியில் கல் பொறுக்குகிறோம்,
கல்லோடு கொஞ்சம் அரிசியும் போகிறது.
போகட்டும் என்றாள்.

கால் மணிக்கொருமுறை தட்டுகளெல்லாம் திரும்பி
ஒரு குவேசாரைப் பார்த்துவிட்டு வரும்.
அதன் பிரகாசம் நமக்கு முன்பே தெரியும்.
எடைக்கல்லை வைத்துத் தராசைத் திருத்துவதுதான்;
இந்தத் தராசு மட்டும்
வெயில் ஏற ஏற, காற்று ஈரமாக ஈரமாக
மறுபடி கோணிக்கொள்ளும்.

பிறகு வந்தது படம்.
அழுக்குப் படம் என்றே அதற்குப் பெயர்.
ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி
வளையமும் முள்ளும் வீசிக்கொண்டிருந்தது.
வானத்தில் அப்படி ஏதும் இல்லையாம்.
பாலையில் தட்டுகள் நிற்கும் நிற்பு,
அவற்றுக்கிடையே அளக்காமல் விட்ட இடைவெளி,
அதெல்லாம்தான் முள்ளாய்த் தெரிகிறது.
ஆகப் பிரகாசமான இடத்தில் பத்தில் ஒரு பங்கு எடு,
அதன் முட்களோடு கழி,
மறுபடி தேடு.
பத்தாயிரம் தடவை.
கணினி செய்தது. நான் ரூய்போஸ் குடித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
கிழக்கு ஓரத்தில்
இருக்கிறதா இல்லையா என்று ஒன்று.

இருக்கட்டும் என்று நினைத்தேன்.
மாதிரியில் ஒரு புள்ளி வைத்தேன்.
மாதிரியைக் காட்டித் தட்டுகளைத் திருத்தச் சொன்னேன்,
பத்து நொடிக்கு ஒரு திருத்தம்.
இரண்டாம் சுற்றில் அது தெளிந்தது.
நான்காவதில் பக்கத்து இரைச்சல் விலகி வழிவிட்டது.
ஏழாவது சுற்றில்
ஆணி அடித்தாற்போல் நின்றது.
மணி இரண்டே கால்.
கேப்டவுனுக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரி
அதற்குள் எனக்கு மனப்பாடம்.

கெஃபில்வே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.
நல்லாயிருக்கு என்றாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு,
இப்போ மேற்கே,
எதுவுமே இல்லாத இடமாய்ப் பார்த்து
ஒண்ணு வை.

வைத்தேன்.
அதே பத்து நொடி. அதே ஏழு சுற்று.
மேற்கிலும் ஒரு ஆணி.
அதே பிரகாசம்.
கொஞ்சம் கூடுதல் என்றுகூடச் சொல்லலாம்.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
வெளியே காற்றாடிக் குழாய் கிறீச்சிட்டது.
அவள் என் தோளைத் தொடவில்லை,
பரவாயில்லை என்று சொல்லவில்லை,
மிச்சமிருந்த ரஸ்க்கைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டுத்
தூங்கப் போனாள்.

இரண்டு புள்ளிகளையும் அழித்தேன்.
மூலத் தரவிலிருந்து மறுபடி.
இந்தமுறை மூன்று மூன்று தட்டுகளாய் எடுத்துக்
கட்டங்களை முக்கோணம் சுற்றிக் கூட்டினேன்.
ஒரு தட்டின் பிழை ஒருமுறை கூடி
ஒருமுறை கழிந்து
தானே இல்லாமல் போகிறது அதில்.
யாருடைய ஆசைக்கும் அங்கே இடமில்லை.
விடியும்வரை கூட்டினேன்.
சுழி. சுழியின் அக்கம்பக்கம். சுழி.

குறிப்பேட்டில் எழுதினேன்:
கிழக்கு ஓரம், இரைச்சல் மட்டும்.

அடுத்த இரவின் தரவு வந்தபோது
பன்னிரண்டு பத்துக்கு
ஸ்நேய்மனின் வேலி மறுபடி பொறி தட்டியிருந்தது,
எல்லா ஜோடியிலும் பளிச்சென்று.
நிஜமாகவே நடந்த ஒன்று.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எறிந்தேன்.