பதினேழு முதல் இருபத்துநான்கு வரை

அறுபத்துநான்கு பார் சும்மா இருக்க வேண்டும்.
சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.
வயோலாவை மடியில் கிடத்தி
விரலால் எண்ணுகிறேன்:
ஒன்று இரண்டு மூன்று நான்கு,
இரண்டு இரண்டு மூன்று நான்கு,
மூன்று இரண்டு மூன்று நான்கு.

பேலஸ் கிரவுண்ட்ஸில் மழை விட்டு ஒரு மணி நேரம்.
சேற்றுக்குச் செருப்பைக் கொடுத்தவர்கள்
வெறுங்காலோடு குதிக்கிறார்கள்.
எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆளுயர ஆம்ப்.
அது பேசும்போதெல்லாம்
என் விலா எலும்பு ஆமாம் போடுகிறது.

எட்டுப் பேர் நாங்கள்.
கறுப்பு உடுத்திவரச் சொல்லியிருந்தார்கள்.
ஜெசிந்தா, மாமியார் சாவுக்குத் தைத்த கவுனில்.
ரெஜினால்டின் செலோ
மீன் படம் போட்ட குளியலறைத் திரைக்குள் சுருண்டு வந்தது.
நான், வரிக் கணக்கு ஆபீஸில்
பல்வலி என்று சொல்லிவிட்டு.

பதினாறு வயதில்
இப்படிப்பட்ட பாட்டுகளைத்தான் தேடித் தேடிக் கேட்டேன்.
கிட்டார் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும் இடத்தில்
யாரோ கதவைத் தள்ளியதுபோல்
நாற்பது வயலின் உள்ளே வரும்.
கோபம் ஒன்றும் குறையாது,
நின்று கத்த அதற்கொரு வானம் கிடைத்துவிடும்.
காக்ஸ் டவுன் வீட்டிலிருந்த ஹெட்ஃபோனுக்கு
வலது காது செத்துப்போயிருந்தது.
வயலினை இடப்பக்கமும் கிட்டாரை வலப்பக்கமும்
பிரித்து வைத்த பாட்டுகளில்
எனக்கு வயலின் மட்டுமே வந்து சேர்ந்தது.
அதனால் பலவற்றை
ராக் என்று தெரியாமலே காதலித்தேன்.

அறுபத்துமூன்று இரண்டு மூன்று நான்கு.
அறுபத்துநான்கு.
ஜெசிந்தா மூச்சை இழுக்கிறாள்.
எங்களுக்கு அதுதான் சைகை.

பதினொரு சுரம்.
எட்டாவதை மட்டும் ஆறு பார் பிடித்து வைக்க வேண்டும்,
பொங்க வரும் பாலின் முன் நிற்பதுபோல,
கண் எடுக்காமல்.
பிடித்தோம். பொங்கவிட்டோம்.
என் வில் எனக்கே கேட்கவில்லை,
தாடை எலும்பில் மட்டும் சுருதி இருந்தது.
முன்வரிசைப் பையன் ஒருவன்
கண்ணை மூடி இரு கையையும் உயர்த்தினான்.
நாங்கள்தான் உயர்த்தினோம் என்று நினைத்தேன்.

மேடை இறங்கியதும் இம்தியாஸ்
கேபிளைச் சுருட்டியபடியே சொன்னான்:
மொதப் பாட்டுலயே கூவ ஆரம்பிச்சிருச்சுக்கா,
பதினேழுலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும்
மொத்தமா இறக்கிட்டேன்.
வெளிய போனது கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ்தான்.
யாருக்கும் தெரியல.

யாருக்கும் தெரியவில்லை.
ரெஜினால்ட் சிரித்துக்கொண்டே மீன்களைப் போர்த்தினார்.
ஜெசிந்தா உறையைப் பிரித்து எண்ணினாள்,
பணம் சரியாக இருந்தது.
நான் வில்லின் முடியைத் தளர்த்தினேன்,
வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகம்.

டிரம்ஸ் நாணய்யா துண்டோடு வந்தான்,
காதிலிருந்து இயர்பீஸை உருவியபடி.
அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்:
நாலாவது பாட்டு, அந்த லாங் நோட்டு,
ரிகர்சலைவிடக் கொஞ்சம் இழுத்தீங்க, இல்லையா?

உனக்கு எப்படி?

என் காதுல நீங்க மட்டும்தான்.
கிட்டாரு, பாட்டு எல்லாம் எடுக்கச் சொல்லிட்டேன்,
சும்மா கத்துறாங்க.
நீங்க விடுற வரைக்கும் ஸ்டிக்க நானும் இறக்கல.

அப்போதுதான் நினைவு வந்தது:
அந்த இடத்தில் ஒரு கணம்
மைதானமே காலைத் தூக்கியபடி நின்றது.
எத்தனை ஆயிரம் பேரோ.
அடி விழத் தாமதமான அந்தக் கணம்
எங்கள் வில்லில் மிச்சமிருந்த நாலு அங்குலம்.

ஜெயமஹால் ரோட்டில் ஆட்டோக்காரர்
மீட்டருக்கு மேல் ஐம்பது கேட்டார். பேரம் பேசவில்லை.
சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது
விரல் தானாக எண்ணத் தொடங்கியது.

நாளை ஆபீஸில் எந்தப் பல் என்று கேட்பார்கள்.
இடது பக்கம், கீழே,
தாடையை ஒட்டி என்று சொல்வேன்.
அங்கேதான்
இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது.